கறுப்பர் பட்டணத்தின் தஸ்தாவேஜுகள்

2024ம் வருஷம் பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலை ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் ஆரம்ப காலத்துத் தலைவர்கள் அடிமை முறையில் கொண்டிருந்த சம்பந்தத்தை ஒப்புக்கொண்டு, அதற்காகப் பகிரங்கமாய் மன்னிப்புக் கேட்டது. அத்துடன் டேவிட் பிளைட் என்னும் சரித்திராசிரியர் மற்றும் சில ஆராய்ச்சியாளர்களின் துணைகொண்டு எழுதிய பெரியதொரு நூலும் வெளியாயிற்று. இது அமெரிக்கர் வீட்டு விவகாரம், நமக்கு இதில் என்ன என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் விஷயம் அவ்வளவு தூரத்தில் உள்ளதன்று. யேல் என்ற பெயர் அந்தக் கலாசாலைக்குச் சென்னைப்பட்டணத்திலிருந்து போன பெயர். 1687 முதல் 1692 வரையில் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராயிருந்த எலிஹு யேல் என்பவர், ஊர் திரும்பிய பின் 1718ல் ஒன்பது மூட்டைச் சரக்குகளும், 417 புஸ்தகங்களும், ராஜாவின் படம் ஒன்றும் அந்தக் கலாசாலைக்கு அனுப்பிவைத்தார். சரக்கை விற்ற பணம் கட்டிடத்திற்கு உதவிற்று. கட்டிடத்திற்கு அவர் பெயரை வைத்தார்கள். இங்கே இறந்துபோன அவருடைய சிறு பிள்ளையின் சமாதி, ஹைக்கோர்ட்டுக்கும் சட்டக் கலாசாலைக்கும் நடுவே கூம்பாக உயர்ந்து நின்றதை, வக்கீல் தொழிலிலுள்ள நாம் கடந்து நடந்த நாட்களுக்குக் கணக்கில்லை. அது யாருடையதென்று விசாரித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யேலின் சென்னை வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதினார்கள்? கோட்டைக் கவுன்ஸிலார் அன்றாடம் எழுதிவைத்த தினக்குறிப்பையும் ஆலோசனைப் புஸ்தகங்களையும் கொண்டுதான். 1687ல் இப்பிரதேசத்தில் கொடும் பஞ்சம். பசித்தவர்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். கோட்டையிலிருந்தவர்கள் அந்த வியாபாரத்தைத் தடுக்கவில்லை. அனுமதி கொடுத்து வரியும் வாங்கினார்கள். அவ்வருஷத்தில் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதாக அப்புஸ்தகங்களைக் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்லவேண்டும் என்ற உத்தரவும் அவற்றில் காணப்படுகிறது. அடுத்த வருஷமே இவ்வியாபாரம் தடைசெய்யப்பட்டது. அது தர்மசிந்தையின் விளைவு என்று எவரும் மகிழவேண்டாம். கோல்கொண்டா விழுந்து, நாடு மொகலாயர் வசமாகிவிட்டிருந்தது. அவர்களுடைய அதிகாரிகள் தங்கள் குடிகளை விற்பதை ஆட்சேபித்தார்கள்.

இந்த ஆலோசனைப் புஸ்தகங்கள் நம்முடையவை. அவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் உடைமை. முன்னாளில் மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று வழங்கிய அதே இடம். 1909 முதல் அங்கேயே இருந்துவருகிறது. பழைய கையெழுத்துகளைப் பிரித்தறியும் சிரமமும் வேண்டாமென்று, சென்னை சர்க்காரே அவற்றில் பெரும்பகுதியை வரிசை வரிசையாக அச்சிட்டும் வைத்திருக்கிறது. அமெரிக்க மாணாக்கன் பல்லாயிரம் மைல் தூரத்திலிருந்து அவற்றைப் படித்து, தன் கலாசாலையின் பெயர் எப்படி வந்ததென்று கேள்வி கேட்கிறான். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்தும் இராயபுரத்திலிருந்தும் எழும்பூருக்கு ஒரு பஸ் தூரம்தான். எந்தக் கரையில் நின்று அந்த 665 பேரும் கப்பலேறினார்களோ அந்தக் கரையின் பிள்ளைகள், சரித்திரத்தில் பி.ஏ. பட்டம் பெறும்வரை அந்தப் புஸ்தகத்தின் ஒரு பக்கத்தையும் கையால் தொடாமலே வெளியேறிவிட முடிகிறது. நாம் இன்று எழுத வந்தது இதைப்பற்றித்தான்.

கறுப்பர் சரித்திரம் என்று அமெரிக்கக் கலாசாலைகளில் ஒரு பாடம் இருக்கிறது. கறுப்பு என்ற சொல் நமக்கு அந்நியமானதன்று. கோட்டைக்கு வெளியே நெசவாளரும், சாயமிடுபவரும், துபாஷிகளும், படகோட்டிகளும், கூலிகளும் குடியிருந்த ஊருக்குக் கோட்டையிலிருந்தவர்கள் வைத்த பெயரே 'பிளாக் டவுன்', கறுப்பர் பட்டணம். கவுன்ஸில் புஸ்தகங்களிலும் வரைபடங்களிலும் அதுவே பெயர். முதற் கறுப்பர் பட்டணம் கோட்டையின் வடசுவரை ஒட்டி இருந்தது. 1746ல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபின், பீரங்கி சுடுவதற்கு இடம் வேண்டுமென்று அவ்வூர் இடிக்கப்பட்டது. இன்று ஹைக்கோர்ட் நிற்பது அந்த இடிந்த ஊரின் மேல். முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாய்க்கன்பேட்டையும் புதிய கறுப்பர் பட்டணமாயின. அதற்கும் வடக்கே இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று உழைப்பாளர் குடியிருப்பு நீண்டுகொண்டே போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலீஷ் ராஜாவின் பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியது; பழைய காகிதங்களில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது.

நமக்கும் அமெரிக்கக் கறுப்பருக்கும் நேர்ந்தவை ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவது அவர்கள் பட்ட துன்பத்தையும் குறைத்துக் காட்டுவதாகும். நம்முடைய சரித்திரத்தையும் குழப்புவதாகும். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது வேறு. யாருடைய சரித்திரத்தைப் பாடப் புஸ்தகம் எழுதவில்லையோ, அவர்கள் மூல தஸ்தாவேஜுகளைத் தேடிச் சென்று தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எழுதிக்கொண்ட மார்க்கம் அது.

மூல தஸ்தாவேஜு என்றால் என்ன? வக்கீல்களுக்கு இது பழகின சங்கதி. 1872ம் வருஷத்துச் சாட்சியச் சட்டமும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய சட்டமும் ஒரே தத்துவத்தைச் சொல்லுகின்றன. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று நிரூபிக்க வேண்டுமானால் பத்திரத்தையே கோர்ட்டில் கொண்டுவந்து வை. அதைப் பார்த்தவன் சொன்னதும், நகலெடுத்தவன் எழுதியதும் இரண்டாந்தரச் சாட்சியம்; அசல் கிடைக்காதபோதுதான் அதற்கு இடம். ஒரு முழக் குடியிருப்பு நிலத்தின் வழக்குக்கே இவ்வளவு கண்டிப்பு வேண்டியிருக்கிறது. ஒரு ஜனசமூகத்தின் இருநூறு வருஷ வாழ்வைப்பற்றி மட்டும், மூன்றாம் கை நான்காம் கை நோட்டுப் புஸ்தகத்தைப் படித்து மனப்பாடமாய் ஒப்பித்தால் போதும் என்று நமது பரீட்சைகள் கருதுகின்றன.

கோர்ட்டில் இன்னொரு பாடமும் உண்டு. அசல் பத்திரமாக இருப்பதினாலேயே அதில் உள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது. எழுதியவன் யார், எதற்காக எழுதினான், யார் படிப்பதற்காக எழுதினான் என்று குறுக்கு விசாரணை செய்யவேண்டும். அமெரிக்கக் கறுப்பர் சரித்திரகாரர்கள் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள். காரணம், அவர்களுக்குக் கிடைத்த காகிதங்களில் பெரும்பாலானவை எஜமானர்கள் எழுதியவை.

கார்ட்டர் வுட்ஸன் என்பவரைப் பற்றி நம் மாணவர்கள் கட்டாயம் அறியவேண்டும். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் கூலிவேலை செய்தவர். இருபதாவது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவரே 1912ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, 1915ல் கறுப்பர் சரித்திரத்திற்கென்று ஒரு சங்கமும், அடுத்த வருஷம் ஒரு பத்திரிகையும் ஏற்படுத்தினார். 1926 பெப்ரவரியில் அவர் தொடங்கிய 'நீக்ரோ சரித்திர வாரம்'தான் இன்று அந்நாட்டில் மாதமாக வளர்ந்திருக்கிறது. பண்டிகை கொண்டாடுவதோடு அவர் நிற்கவில்லை. கடிதங்கள், கோர்ட்டு நடவடிக்கைகள், ஜனத்தொகைக் கணக்குகள் இவற்றைத் திரட்டுவதே சங்கத்தின் பிரதான வேலையாயிருந்தது. அதே 1926ல்தான், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் உத்தியோகம் பார்த்த ஆர்ட்டுரோ ஷோம்பர்க் என்பவர் சேர்த்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான புஸ்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் நியூயார்க் பொது நூல்நிலையத்தின் வசமாயின. டாக்டர் டுபாய்ஸ் 1935ல் வெளியிட்ட பெருநூலின் கடைசி அத்தியாயத்தில், பள்ளிப் பாடப் புஸ்தகங்கள் கறுப்பரைப்பற்றி எழுதியவற்றை வரிவரியாக எடுத்துவைத்து, சரித்திரம் எப்படிப் பிரசாரமாகிறதென்று காட்டினார்.

இவர்கள் வழிவந்த மாணாக்கன் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. 1870ம் வருஷத்து ஜனக்கணக்கிற்கு முன்னால் அடிமைகளின் பெயர் கிடைப்பது அரிது. 1850லும் 1860லும் எடுத்த அடிமைக் கணக்குகளில் எஜமானன் பெயர் இருக்கிறது. அவனுக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான்; மாடு கன்றைக் குறிப்பதுபோல. அதற்கு அப்பால் போக வேண்டுமானால், ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி எஜமானர்கள் பத்திரிகைகளில் போட்ட விளம்பரங்களைப் படிக்கவேண்டும். முதுகில் இன்ன தழும்பு, மனைவி இருக்கும் ஊரை நோக்கிப் போயிருக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். பிடிப்பதற்காக எழுதினவன் தன்னையறியாமல், தான் அடித்ததற்கும், மனைவியை விட்டுக் கணவனைப் பிரித்து விற்றதற்கும் தானே சாட்சி சொல்லிவிடுகிறான்.

மற்றொரு உதாரணம் இன்னும் விசேஷமானது. 1936 முதல் 1938 வரையில் அமெரிக்க சர்க்கார், உயிரோடிருந்த முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தது. சார்ல்ஸ்டன் நகரத்தில் ஸூஸன் ஹாம்லின் என்ற கிழவியை இரண்டு பேர் தனித்தனியே கண்டு பேசினார்கள். வெள்ளைக்காரப் பெண் எழுதிக்கொண்டு வந்ததில், எஜமானர் நல்லவர் என்று கிழவி சொல்லுகிறாள். கறுப்பர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்ததில், சாட்டையடிகளையும், பிள்ளைகளை விற்கக் கண்டு தாய்மார் கதறியதையும் அதே கிழவி சொல்லுகிறாள். இரண்டும் மூல தஸ்தாவேஜுகள்தான். ஒன்றை மட்டும் படித்தவன் சரித்திரம் படித்தவனாகான்.

இனி நமது கரைக்கு வருவோம். நம்மவர் கப்பலேறிய கதை அடிமை வியாபாரத்தோடு முடியவில்லை. இங்கிலீஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ல் நிறைவேறியது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் பஞ்சம் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை பிறந்தது. 1860ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னைக் கடலிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16ந் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் டர்பன் துறையை அடைந்தது. அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். நார் கொண்டு பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில்தான் மனிதரும் சரக்கும் அலையைத் தாண்டிப் போகவேண்டும். இராயபுரத்தில் இராயப்பர் கோவிலைக் கட்டிய படகோட்டிக் குலத்தார் நடத்திய தொழில் அது. அன்று தொடங்கி 1911ல் நிற்கும் வரையில் 152,184 பேர் நேட்டாலுக்கு மட்டும் போயிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும். மோரீஸுக்குப் போனவர்கள் இதற்குப் புறம்பு. 1903 முதல் சென்னையிலிருந்து பிஜித் தீவுக்குப் போனவர்களும் இதற்குப் புறம்பு. பிஜித் தீவில் நம் பெண்கள் பட்ட துயரத்தைப் பாரதியார் பாடியதைக் கேட்டு உருகாத தமிழரில்லை. அவர்களுடைய குடியேற்றப் பாஸ்களை எடுத்துப் பார்த்த தமிழர் எத்தனை பேர்?

அடிமைக் கணக்கில் பெயரில்லை என்றோம். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் ஜாபிதாவில் பெயர் இருக்கிறது. பெயருக்கு முன்னால் காலனி நம்பர். அப்புறம் தகப்பன் பெயர், வயது, ஆண் பெண், ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். டர்பனிலுள்ள ஆவணங்களில் இந்த ஜாபிதாக்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மோரீஸில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் புகைப்படங்களும்கூட இருக்கின்றன. ஓர் ஏழைத் தமிழனைப்பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வளவு விவரமாக எழுதப்பட்ட காகிதம் வேறு எங்கேனும் உண்டா என்பது நமக்குச் சந்தேகம். ஊரில் இருந்திருந்தால் அவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறியிராது. ஊரைவிட்டுப் போகும்போதுதான் அவன் தஸ்தாவேஜில் ஏறினான். அதுவும், தப்பிப் போனால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காக. அமெரிக்க எஜமானனின் விளம்பரத்தில் உள்ள தழும்பும் சென்னை குமாஸ்தாவின் ஜாபிதாவில் உள்ள தழும்பும் ஒரே காரியத்திற்காக எழுதப்பட்டவை.

இந்த ஜாபிதாவை எப்படிப் படிக்கவேண்டும் என்பதே ஒரு வருஷப் பாடமாகும். ஒரு கலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜாதிக் கலம். சிலருக்கு எதிரே பறையர் என்றும், சிலருக்கு எதிரே வன்னியர் என்றும், சிலருக்கு எதிரே வெறுமனே 'மலபார்' அல்லது 'ஜெண்டு' என்றும், சிலருக்குக் கிறிஸ்தவர் என்றும் எழுதியிருக்கிறது. மலபாரும் ஜெண்டுவும் ஜாதிகளல்ல; வெள்ளைக்காரர் தமிழரையும் தெலுங்கரையும் அழைத்த பெயர்கள். கூலி சொன்னதை குமாஸ்தா எழுதினானா, தான் நினைத்ததை எழுதினானா? கூலியாவது உண்மையைச் சொன்னானா? கப்பலேறினால் பழைய ஜாதி யாருக்குத் தெரியப்போகிறது என்று புதுப் பெயர் சொல்லி இறங்கியவர்களும் உண்டென்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். ஊரில் நூறு தலைமுறை முயன்றும் அவிழாத முடிச்சைக் கடலில் ஒரு வார்த்தையில் அவிழ்த்துவிட எண்ணிய அந்த மனிதனைப் பொய்யன் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்புறம் விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1929ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டின் தீர்மானத்திற்குப் பிறகு, இங்கே தமிழர்கள் ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து மெல்ல மெல்லக் கழற்றிவிட்டார்கள். டர்பனிலோ பிள்ளை, நாயுடு, படையாட்சி, 'மூட்லி' என்று உருமாறிய முதலியார் ஆகியவையெல்லாம் குடும்பப் பெயர்களாக நிலைத்து, தேர்தல் ஜாபிதாவிலும் டெலிபோன் புஸ்தகத்திலும் வீற்றிருக்கின்றன. அந்தப் பெயர்களைக் கண்டு ஜாதியை நிச்சயிக்கப் புறப்படுகிறவன் எவ்வளவு தூரம் ஏமாறுவான்!

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். காதில் விழுந்தபடி குமாஸ்தா எழுதிய இங்கிலீஷ் எழுத்துக்களுக்குள் இருக்கும் கிராமத்தைக் கண்டுபிடிக்க, டர்பனிலிருந்து வரும் ஐந்தாம் தலைமுறைப் பேரனால் இயலாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் உள்ள ஊர்களின் பெயர் அவன் காதுக்குப் பழக்கமில்லை. முப்பாட்டன் பெயர் கொண்ட ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, ஒருவாரம் அலைந்து, கோவில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறான். தமிழ் அறிந்த நம் கலாசாலை மாணாக்கன், பழைய தாலூகா வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்தால் தீரக்கூடிய சிக்கல் எத்தனையோ! இந்த ஆராய்ச்சியில் நம்மைவிடத் தகுதியுள்ளவர் உலகில் இல்லை. ஆனால் அதைச் செய்பவர்களோ பெரும்பாலும் வெளிநாட்டார்.

கூலிகள் தாங்களே பேசிய இடமும் தஸ்தாவேஜுகளில் உண்டு. அது மிகவும் முக்கியமானது. ஒப்பந்தம் முடிந்த முதற் கூட்டத்தார் 1871ல் 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற கப்பலில் சென்னைக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் சும்மா ஊர் போய்ச் சேரவில்லை. சவுக்கடி, கூலிப் பிடித்தம், வாக்களித்தபடி நடவாமை இவற்றை அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அதன் விளைவாக 1872ல் நேட்டாலில் கூலிகளின் நிலைமையை விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கவேண்டி வந்தது. எழுத்தறியாத ஏழைகள், காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்பே, ஒரு காலனி சர்க்காரைக் கூண்டில் ஏற்றினார்கள். நமது தேசீயப் போராட்டத்தின் கதையை 1894ல் பல் உடைபட்டு, தலைப்பாகையைக் கையில் ஏந்தி, டர்பனில் காந்தியடிகளின் அறைக்குள் நுழைந்த பாலசுந்தரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். மூன்று பவுன் தலைவரியையும், 1913ம் வருஷத்து வேலைநிறுத்தத்தையும், சிறையில் நோயுற்று 1914ல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையையும் சொல்லுவோம். சொல்லவேண்டியதுதான். அதற்கு இருபது வருஷங்களுக்கும் முன்னதாகச் சென்னைக் கரையில் இறங்கி வாய்திறந்து சாட்சி சொன்னவர்களை ஏன் மறந்தோம்? அவர்கள் பக்கத்தில் மகாத்மா நிற்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

அடிமை முறையும் ஒப்பந்தக் கூலி முறையும் ஒன்றா என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டும். பதிலைச் சபைப் பேச்சில் தேடக்கூடாது; ஒப்பந்தப் பத்திரத்தைப் படிக்கவேண்டும். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பின்பு வருஷத்திற்கு ஒரு ஷில்லிங் உயர்வு, உணவு, இருப்பிடம் என்று எழுதியிருக்கிறது. அடிமைக்கு முடிவு தேதி கிடையாது, இவனுக்கு உண்டு. அடிமையின் குழந்தை அடிமை. இவன் குழந்தை அப்படியல்ல. ஆனால் வேலைக்கு வராவிட்டால் அது சிவில் வழக்கன்று, கிரிமினல் குற்றம். சீட்டில்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போனால் சிறை. சட்டம் படித்தவன் இந்தக் கடைசி இரண்டு ஷரத்துகளைப் படித்த மாத்திரத்தில், ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பென்று தெரிந்துகொள்வான்.

வெள்ளைக்காரன் எழுதியதை வைத்துத்தானே இதெல்லாம், நம்மவர் எழுதியது ஏதுமில்லையா என்று சிலர் கேட்பதுண்டு. உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' என்ற பத்திரிகையையும், அயோத்திதாச பண்டிதர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பத்திரிகையையும் இதே சென்னையிலிருந்து நடத்தினார்கள். 1827ல் நியூயார்க்கில் அமெரிக்கக் கறுப்பர் தங்களுக்கென்று முதற் பத்திரிகை தொடங்கியதற்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டோ, இவற்றுக்கும் அவ்வளவு உண்டு. மாதாகோவில்களின் ஞானஸ்நான ஏடுகளும் கல்யாண ஏடுகளும், துறைமுகத் தொழிலாளர் சங்கங்களின் நடவடிக்கைப் புஸ்தகங்களும், கப்பலில் வேலைக்குப் போன கிழவர்களின் பெட்டியடியில் கிடக்கும் சர்ட்டிபிகேட்டுகளும் காகிதங்கள்தாம். இவற்றை யாரும் அச்சிட்டு வைக்கவில்லை. கடற்கரை ஈரத்தில் அவை வருஷந்தோறும் பொடியாகிக்கொண்டிருக்கின்றன.

இது பொழுதுபோக்குப் படிப்பு என்று நினைப்பவர்களுக்கு எண்ணூரைக் காட்டுகிறோம். எண்ணூர்க் கழியைப்பற்றி 2017ல் எழுந்த விவாதம் நினைவிருக்கும். 1996ல் மத்திய சர்க்கார் அங்கீகரித்த கரையோர வரைபடத்தில் கழி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகவும் இருக்கிறது. பிற்பாடு இங்கே அதிகாரிகள் கையாண்ட வேறொரு படத்தில் கழியே இல்லை என்று மீனவர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் எடுத்துக்காட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப்போட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததினால்தான் சங்கதி வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக இறால் பிடித்த தண்ணீர் காகிதத்தில் மறைந்துபோகக்கூடும் என்பதை அந்தக் குப்பத்தார் அன்று தெரிந்துகொண்டார்கள். அவர்கள் செய்ததுதான் மூல தஸ்தாவேஜு ஆராய்ச்சி. எந்தப் பேராசிரியரும் அதற்கு மார்க்கு போடவில்லை.

கலாசாலைகளிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. வடசென்னையில் தியாகராயர் கலாசாலை இருக்கிறது. பாரதி பெண்கள் கலாசாலை இருக்கிறது. வியாசர்பாடியில் அம்பேத்கர் பெயரால் சர்க்கார் கலாசாலை இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் துறைமுகத்திலும், காசிமேட்டிலும், லாரியிலும் உழைத்த குடும்பங்களிலிருந்து வருபவர்கள் பலர். சரித்திரம் படிக்கும் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் ஓர் அசல் தஸ்தாவேஜையாவது எடுத்து, எழுதியவன் யார், ஏன் எழுதினான், எதை எழுதாமல் விட்டான் என்று இருபது பக்கம் எழுதவேண்டும் என விதிக்கட்டும். காப்பகத்தில் அனுமதி பெறுவது டாக்டர் பட்டத்திற்கு ஆராய்கிறவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் மாணவர்களிடம் இருக்குமானால், கலாசாலைத் தலைவர்கள் வகுப்போடு அவர்களை ஒருநாள் எழும்பூருக்கு அழைத்துப் போய் அந்த எண்ணத்தைப் போக்கட்டும். இங்கிலீஷ் கஷ்டம் என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலீஷ் இங்கிலீஷ்காரனுக்கே கஷ்டம். அவனும் அகராதியை வைத்துக்கொண்டுதான் படிக்கிறான். மாணவன் தமிழில் எழுதினால் ஒப்புக்கொள்வதற்குப் பேராசிரியர்கள் தயங்கவேண்டியதில்லை. நம் பாட்டன்மாரின் பெயர்களை இங்கிலீஷிலிருந்து தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவரும் காரியமே அந்த இருபது பக்கத்தில் பாதி வேலை.

ஜாதிக் கலத்தை வகுப்பில் பிரித்து வைத்தால் மனஸ்தாபம் வரும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். வரலாம். அமெரிக்காவிலும் கறுப்பர் சரித்திரப் பாடத்தைப் பள்ளிகளில் வைப்பதா கூடாதா என்று சமீப வருஷங்களில் சில மாகாண சட்டசபைகளில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. தஸ்தாவேஜை மூடிவைப்பதனால் மனஸ்தாபம் தீர்ந்ததாக நமது அனுபவத்தில் ஒரு வழக்கையும் கண்டதில்லை. கட்சிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வந்து மறுபடியும் வழக்காடுவதைத்தான் கண்டிருக்கிறோம்.

வரும் ஜூன் மாதத்தில் கலாசாலைகள் திறக்கும்போது, மூன்றாவது வருஷ சரித்திர வகுப்பில் 1687ம் வருஷத்து ஆலோசனைப் புஸ்தகத்திலிருந்து பத்துப் பக்கமும், நேட்டால் கப்பல் ஜாபிதா ஒன்றின் நகலும் மேஜைமேல் வைக்கப்பட்டால் போதும். அவற்றை நகலெடுக்கும் செலவு ஒரு மாணவனுக்கு ஒரு வேளை காப்பிச் செலவுக்கு மேற்படாது. எந்தக் கலாசாலையாவது முன்வந்து, மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் சிறந்தவற்றை நமக்கு அனுப்பினால், இந்தப் பத்திரிகையில் இடம் ஒதுக்கி வெளியிடுவோம்.